பெட்டியில் 3200, திரையில் 1600

கணினி பொருத்திக் கொடுக்கும் யாரைக் கேட்டாலும் இந்த முறைப்பாட்டைச் சொல்வார்கள். ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வாங்கிக்கொண்டு போன பெடியன் அடுத்த நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நிற்பான். "அண்ணை, 3200 எண்டு சொல்லித்தானே தந்தனீங்கள். சிபியு-இசட் 1600 எண்டு காட்டுது. அரைவாசிதான் இருக்கு." சாட்சிக்கு ஒரு சிநேகிதனும் கூட வந்திருப்பான். சிபியு-இசட் என்பது கணினியின் உள்விவரங்களைக் காட்டும் ஒரு சின்ன மென்பொருள்.

அவனை யாரும் ஏமாற்றவில்லை. இன்றைய கணினிகளில் இருக்கும் டிடிஆர் வகை ராமில் கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை என்று ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை தரவு போகிறது. கடிகாரம் ஓடுவது 1600 மெகாஹேர்ட்ஸில். தரவு போவது செக்கனுக்கு 3200 மில்லியன் தடவை. பெட்டியில் பெரிய எண்ணை அச்சடிக்கிறார்கள், சிபியு-இசட் சின்ன எண்ணைக் காட்டுகிறது. விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தால் பெரிய எண்ணே தெரியும். விஷயம் அவ்வளவுதான்.

உண்மையில் முறைப்பாடு கொண்டுவர வேண்டியவன் இன்னொருவன். அவனுடைய கணினியில் அந்த இடத்தில் 1200 அல்லது 1066 என்று இருக்கும். 3200க்குக் காசு கொடுத்துவிட்டு 2400இலோ 2133இலோ ஓட்டிக்கொண்டிருப்பான். அவன் வரவே மாட்டான். கணினி வேலை செய்கிறதே, பிறகு ஏன் வரப்போகிறான்? என் கைக்குத் திருத்த வந்த பெட்டிகளில் இப்படிப்பட்டவை ஏராளம். வைரஸ், பழைய ஹார்ட் டிஸ்க் என்று வேறு காரணத்துக்காக வந்தவற்றைத் திறந்து பார்த்தால், வாங்கிய நாளிலிருந்து ராம் தன் வேகத்தில் ஒரு நாளும் ஓடியிருக்காது.

காரணம் எளிது. ஒவ்வொரு ராம் ஸ்டிக்கிலும் ஒரு சின்னச் சிப் இருக்கிறது. எந்த மதர்போட்டில், அதாவது பாகங்கள் எல்லாம் பொருந்தும் தாய்ப்பலகையில், போட்டாலும் ஓடக்கூடிய பொது வேகங்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். டிடிஆர்4 என்ற தலைமுறையில் இவை 1.2 வோல்ட்டில் ஓடுபவை. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகம் அதே சிப்பில் எக்ஸ்எம்பி என்ற பெயரில் தனியாக இருக்கும். பெரும்பாலும் அதற்கு 1.35 வோல்ட் வேண்டும். பயோஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் மதர்போட்டின் அமைப்புத் திரைக்குள், போய் யாராவது "இதைப் போடு" என்று சொல்லும் வரைக்கும் மதர்போட் அதைத் தொடாது. பொருத்துபவர் விண்டோஸ் போட்டு, பாட்டு ஒன்று ஓடவிட்டு, காசை வாங்கிவிட்டால் அந்தச் சொல் சொல்லப்படாமலே போய்விடும்.

கம்பனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்குளொக் வேலையைப் பற்றி எழுதச் சொல்லித்தான் தம்பிமார் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. நம்முடைய வெயிலுக்கும் நம்முடைய கரண்டுக்கும், காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பிழையில்லாமல் எடுத்தாலே பெரிய காரியம்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது சமாதான காலத்தில். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து சாமான்கள் பஸ்ஸிலும் லொறியிலும் வரத் தொடங்கின. அதுவரை ஒரு கணினியை முழுதாகப் பார்ப்பதே அரிது. திடீரென்று மதர்போட், புரொசசர் எல்லாம் தனித்தனியாகக் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும்! 2003இல் ஏஎம்டி கம்பனியின் அத்லோன் எக்ஸ்பி 2500+ என்ற புரொசசர் வந்தது. கொக்குவிலில் ஒரு நண்பன் அதை வாங்குவித்துப் பொருத்தினான். போட்டவுடன் திரையில் வந்த எண் 1100 மெகாஹேர்ட்ஸ். பெயரில் 2500, திரையில் 1100. "பழைய புரொசசருக்கு லேபல் மாத்தி ஒட்டிக் குடுத்திட்டாங்கள்" என்று வீடே கூடிக் கடைக்காரரைத் திட்டியது.

கடைக்காரர் மேல் எந்தப் பிழையும் இல்லை. அந்தப் புரொசசரின் உண்மை வேகம் 1833 மெகாஹேர்ட்ஸ். 166 மெகாஹேர்ட்ஸ் பஸ் (புரொசசரும் மதர்போட்டும் பேசிக்கொள்ளும் பாதை), அதன் 11 மடங்கு. 2500+ என்பது போட்டிக் கம்பனியின் புரொசசரோடு ஒப்பிட வைத்த பெயர் மட்டும். மதர்போட்டோ 100 மெகாஹேர்ட்ஸ் பஸ்ஸில் நின்றது. 100ஐ 11ஆல் பெருக்கினால் 1100. வேறு மர்மம் எதுவும் கிடையாது.

மதர்போட்டின் ஓரத்தில் மூன்று ஊசிகள், அவற்றில் இரண்டை மூடிக்கொண்டு அரிசி அளவில் ஒரு பிளாஸ்ரிக் மூடி. பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் எந்த நிலைக்கு எந்த வேகம் என்று அச்சடித்திருந்தது. பிளக்கைக் கழற்றி, நகத்தால் மூடியைக் கிளப்பி அடுத்த இரண்டு ஊசிகளில் அழுத்தினோம். பிறகு பயோஸுக்குள் போய் 166ஐத் தெரிந்தெடுத்தோம். மறுபடி போட்டபோது 1833 வந்தது. ஒரு மூடியை ஒரு ஊசி தள்ளி வைத்ததில் கணினியின் வேகம் மூன்றில் இரண்டு பங்கு கூடியது என்றால், பதின்ம வயதில் அதைப் பார்த்தவனுக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்?

அதே புரொசசரை 200 மெகாஹேர்ட்ஸ் பஸ்ஸில் விட்டால் 2200 வரும். அதாவது பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் 3200+இன் வேகம். உலகம் முழுக்கப் பெடியள் அதைச் செய்தார்கள். ஆனால் பஸ்ஸை ஏற்றும்போது அதோடு சேர்ந்து வேறு சில ஏறும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. மற்றக் கார்டுகள் இணையும் பிசிஐ பஸ் 33 மெகாஹேர்ட்ஸில் ஓட வேண்டியது. 100ஐ மூன்றால், 133ஐ நான்கால், 166ஐ ஐந்தால் வகுத்தால் 33 வரும். இடையில் 150 என்று வைத்தால், பிசிஐயை 33இல் பூட்டிவைக்கும் வசதி இல்லாத போட்டில் பிசிஐயும் 37க்கு மேல் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கின் கட்டுப்பாடு அந்த வழியில் இருந்ததால், கணினி நன்றாக ஓடுவது போலத் தெரியும், கோப்புகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகும்.

அந்தக் காலத்தில் படித்த இன்னொன்று இன்றைக்கும் உதவுகிறது. பஸ்ஸும் ராமும் ஒரே அடி வைத்து நடந்தால்தான் நல்லது. பஸ் 166இல் இருக்க ராமை மட்டும் 200இல் ஓட்டினால், எண் கூடும், வேலை பெரிதாகக் கூடாது. சில போட்களில் குறையவும் செய்யும். ஏஎம்டியின் இன்றைய ரைசன் புரொசசர்களில் இதே சங்கதி வேறு பெயரில் இருக்கிறது. புரொசசருக்குள் இருக்கும் இன்பினிட்டி பப்ரிக் என்ற இணைப்பும் ராமின் கடிகாரமும் ஒன்றுக்கு ஒன்று ஓட வேண்டும். ரைசன் 3000 வரிசையில் 3600 ராம் வரைக்கும், அதாவது 1800 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும், இது பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் 4000, 4400 என்று வாங்கிப் போட்டால் பயோஸ் தானாகவே மெமரி கொன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். காசு கூட, தாமதமும் கூட.

சரி, இப்போதைய கணினிக்கு வருவோம். அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹேர்ட்ஸ். ரைசன் 5 3600 என்றால் அதன் 36 மடங்கு, 3.6 கிகாஹேர்ட்ஸ். வேலை வந்தால் தானாக 4.2 வரை ஏறும், சூடேறினால் தானாக இறங்கும். அந்த 100ஐ மட்டும் தொடாதீர்கள். பிசிஐ எக்ஸ்பிரஸும் அதோடு சேர்ந்து ஏறும். ஹார்ட் டிஸ்க்கின் இடத்துக்கு வந்த எஸ்எஸ்டி இன்று பெரும்பாலும் அந்த வழியில்தான் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க் கதை புது உருவில் வரும். மடங்கையும் தொட வேண்டிய தேவை இன்று அநேகமாக இல்லை. புரொசசர் தன் சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்து வேகத்தை வைப்பதைவிட நன்றாக நாம் கையால் வைத்துவிட முடியாது. நமக்கு மிஞ்சியிருப்பது ராம்.

முதலில் எந்த ஸ்லொட்டில் போடுவது என்பது. நான்கு ஸ்லொட் உள்ள போட்டில் இரண்டு ஸ்டிக் இருந்தால், புரொசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போட்டில் ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் வடிவாக இருக்கட்டும் என்று முதல் இரண்டில் போட்டால் இரண்டும் ஒரே பாதையில் போய், மற்றப் பாதை சும்மா கிடக்கும். 3200 ராம் ஒரு பாதையில் செக்கனுக்கு 25.6 ஜிகாபைட் கொண்டுபோகும், இரண்டு பாதையில் 51.2. வேகத்தை 2400இலிருந்து 3200க்கு ஏற்றுவதில் கிடைப்பதைவிட இதில் கிடைப்பது அதிகம். தனிக் கிரபிக்ஸ் கார்ட் இல்லாமல், கிரபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5600ஜி போன்ற புரொசசரில் ஓட்டுபவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். 2022இல் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 300ஐத் தாண்டியபோது, கிரபிக்ஸ் கார்ட் வாங்கும் யோசனையை விட்டுவிட்டு இந்த வகைப் புரொசசரோடு நின்றவர்கள் இங்கே கனபேர். அதற்குள் இருக்கும் கிரபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமையே பகிர்ந்துகொள்ளும். 16 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டு வாங்கினால் அதே விளையாட்டு வேறு கணினியில் ஓடுவது போலத் தெரியும். "பிறகு இன்னொண்டு போடலாம்தானே" என்று ஒற்றை ஸ்டிக்கோடு போனவர்கள் அந்தப் பிறகை அடைந்ததை நான் அதிகம் கண்டதில்லை.

பயோஸுக்குள் போக டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே கணினியைப் போடுங்கள். எக்ஸ்எம்பி என்று இருக்கும். சில போட்களில் ஏ-எக்ஸ்எம்பி, டிஓசிபி என்றும், டிடிஆர்5இல் எக்ஸ்போ என்றும் இருக்கும். புரொபைல் 1ஐத் தெரிந்தெடுத்தவுடன், டிடிஆர்4 என்றால், மெமரி வோல்ட்டேஜ் 1.2இலிருந்து 1.35க்கு மாறியதா என்று அதே பக்கத்தில் பாருங்கள். மாறியிருந்தால் எஃப்10ஐத் தட்டிச் சேமியுங்கள். திரை கறுப்பாகி, ஓரிரு தரம் தானாக நின்று நின்று போகும். அது பழுதில்லை, போட் புது வேகத்தைப் பரீட்சித்துப் பார்க்கிறது. சரிவராவிட்டால் பெரும்பாலும் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிளியர் சிமோஸ் என்று எழுதிய இரண்டு ஊசிகளை ஸ்குரூ டிரைவர் நுனியால் சில செக்கன் தொட்டுவிட்டால் போதும். டிடிஆர்4இல் இதில் எதுவும் கணினியை எரித்துவிடாது. பயப்பட வேண்டியது வோல்ட்டேஜைக் கையால் கூட்டும்போதுதான்.

விண்டோஸ் வந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்துவிடவில்லை. சுன்னாகத்தில் ஒரு கலியாண வீடியோ ஸ்ரூடியோவின் கணினி எனக்கு இதை நன்றாகப் படிப்பித்தது. ரைசன் 7 3700எக்ஸ், 3600 ராம், எல்லாம் விலையான சாமான். ஆனால் எடிட்டிங் முடித்து வீடியோவை வெளியே எடுக்கும்போது பாதியில் நின்றுவிடும். நிற்காமல் முடிந்தாலும், தாலி கட்டும் இடத்தில் ஒரு பிரேம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள் வந்திருக்கும். விண்டோஸ் விழுந்து நீலத்திரை வந்தால் அது ஒவ்வொரு தரமும் வெவ்வேறு பிழைப் பெயர் சொல்லும். புரொசசரை மாற்றச் சொல்லி யாரோ ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அவரும் காசு தேடத் தொடங்கிவிட்டார்.

நீலத்திரையின் பெயர் தரத்துக்குத் தரம் மாறுகிறது என்றால் நான் முதலில் ராமைத்தான் சந்தேகிப்பேன். டிரைவர் பழுது என்றால் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும். சுருக்கி வைத்த பெரிய ஸிப் (zip) கோப்பை விரிக்கும்போது, கோப்பு கெட்டிருக்கிறது என்று சொல்லும் சிஆர்சி பிழை, குரோமில் டாப்கள் சும்மா செத்துப்போவது, இவையும் அதே வீட்டுப் பிள்ளைகள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் ஒரு பிழைகூட இல்லை. "ராம் நல்லம் எண்டு காட்டுது, அப்ப புரொசசர்தானே?" என்றார் ஸ்ரூடியோக்காரர்.

அவருடைய பேச்சிலேயே விடை இருந்தது. இரவு எடுத்தால் வீடியோ ஒழுங்காக வருமாம், மத்தியானம் எடுத்தால்தான் தொல்லையாம். அறை மேல் மாடியில், மேலே சீற் கூரை. ஏசி இருக்கிறது, வாடிக்கையாளர் வந்தால் மட்டும் போடுவார். அதே டெஸ்ட்டை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், ஏசி இல்லாமல் ஓடவிட்டோம். சோறு முடிவதற்குள் திரையில் சிவப்பு வரிகள் இறங்கின.

ராமில் ஒவ்வொரு பிட்டும் மிகச் சிறிய மின்தேக்கி ஒன்றில் மின்னேற்றமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தை நிரப்புவது போல, 64 மில்லிசெக்கனுக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துத் திருப்பி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். சூடு கூடினால் கசிவும் கூடும். தரநிர்ணயத்திலேயே 85 பாகைக்கு மேல் போனால் இரண்டு மடங்கு வேகமாக நிரப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்த அளவு போகாமலே, எல்லையில் ஓடும் ராம் இன்னும் குறைந்த சூட்டில் தடுமாறும். குளிர்ந்த அறைகளில் இருந்துகொண்டு யூடியூப்பில் ஓட்டிக் காட்டும் வேகம் யாழ்ப்பாணத்துச் சித்திரை மாதத்தில் நிற்கும் என்று நினைக்கக் கூடாது. அறை பத்துப் பாகை கூட என்றால் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் ஏறக்குறைய பத்துப் பாகை கூடத்தான். அதனால் டெஸ்ட்டை மத்தியானம் ஓடவிடுங்கள், ஜன்னலைச் சாத்திவிட்டு. நான்கு சுற்று முடிய வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். "ஒண்டுதானே" என்று விடுகிற சாமான் இல்லை இது.

ஸ்ரூடியோ கணினியில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நான்கு ஸ்டிக். முதலில் இரண்டு வாங்கி, ஒரு வருடம் கழித்து அதே கம்பனியில் அதே மொடலில் இன்னும் இரண்டு. வெளியே பார்க்க நான்கும் ஒன்று. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் பொடியாக அச்சடித்த வர்ஷன் எண் இரண்டுக்கு ஒன்று, மற்ற இரண்டுக்கு வேறொன்று. உள்ளே இருக்கும் சிப் வேறு. ஒரே பெயரில் விற்கும் ராமின் உள்சிப்பைக் கம்பனிகள் இடையில் மாற்றுவது சாதாரணம். ஏஎம்டியே ரைசன் 3000க்கு இரண்டு ஸ்டிக் என்றால் 3200 என்றும், நான்கு என்றால் 2933, ஸ்டிக்கின் வகையைப் பொறுத்து 2666 என்றும்தான் உறுதி தருகிறது. நான்கு ஸ்டிக்கை 3600இல் ஓட்டச் சொன்னது அந்தப் புரொசசருக்கு மேல் ஏற்றிய சுமை.

3200க்கு இறக்கினோம். "காசு குடுத்து 3600 வாங்கினது 3200இல ஓட்டவோ?" என்று அவருக்கு முகம் சரியில்லை. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவருடைய ராம் 3600இல் சிஎல் 18. சிஎல் என்பது கேட்ட தரவு வர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்ற எண். கடிகாரம் 1800, 18 துடிப்பு என்றால் 10 நனோசெக்கன். 3200இல் சிஎல் 16 வைத்தால் கடிகாரம் 1600, 16 துடிப்பு, அதுவும் 10 நனோசெக்கன். கேட்ட தரவு வரக் காத்திருக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றே. பயோஸில் சிஎல்லோடு தொடங்கும் இந்தக் காத்திருப்பு எண்களின் வரிசை 18-22-22-42 என்று இருந்ததை 16-20-20-38 ஆக்கினோம். வோல்ட்டேஜ் 1.35இலேயே இருந்தது. முன்பக்கம் தூசியால் அடைபட்டிருந்த பான் என்ற விசிறியையும் துப்புரவாக்கினோம். மத்தியான டெஸ்ட் சுத்தமாக முடிந்தது. வீடியோ எடுக்கும் நேரத்தில் வித்தியாசம் இருந்ததா என்றால், மணிக்கூட்டை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் தெரியும்.

இந்தச் சின்ன வகுத்தல் கணக்கு கடையிலும் உதவும். 3200இலேயே சிஎல் 16 ஒன்றும் சிஎல் 22 ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 22 என்றால் 13.75 நனோசெக்கன். 2133இல் சிஎல் 15 என்பது 14க்குக் கொஞ்சம் மேல். அதாவது மலிவான 3200, காத்திருக்கும் நேரத்தில் பழைய 2133இன் பக்கத்தில்தான் நிற்கிறது. விலை வித்தியாசம் சொற்பம் என்றால் 16ஐ எடுங்கள். கனக்க என்றால், கணக்கு வழக்குப் பார்க்கவும் படிக்கவும் வாங்கும் கணினிக்கு 22 போதும்.

வாங்குமுன் போட்டையும் பாருங்கள். இன்டெலின் ஐ5-10400 புரொசசரை எச்410 அல்லது பி460 வகைப் போட்டில் போட்டால் ராம் 2666க்கு மேல் போகாது. 3600 வாங்கிப் போட்டாலும் 2666தான். ஏஎம்டி பக்கத்தில் மலிவான ஏ320 வகைப் போட்டில் புரொசசரின் மடங்கைத் தொட முடியாது, ஆனால் எக்ஸ்எம்பியைப் போடலாம். கணினிக் கடைகள் நிறைந்த கொழும்பு யூனிட்டி பிளாசாவுக்குப் போய் ஒரே நாளில் திரும்ப நினைப்பவர்கள், போட்டின் மொடலைக் கம்பனியின் பக்கத்தில் தேடி, அது எந்த ராமை எந்த வேகத்தில் ஏற்கும் என்ற பட்டியலைக் கைபேசியில் இறக்கிக்கொண்டு போவது நல்லது. பஸ்ஸில் திருப்பிக் கொண்டுபோய் மாற்றுவது லேசான வேலை இல்லை.

இனி, வேறு ஊர்க்காரர் எழுதாத ஒன்று. மழைக்காலத்தில் இடி முழங்கத் தொடங்கினால் இங்கே எல்லா வீட்டிலும் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது. நல்ல பழக்கம்தான். ஆனால் பிளக் இருக்கும்வரை மின்வழங்கியிலிருந்து சிறிது கரண்ட் போட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். கழற்றிய பிறகு பயோஸின் நினைவைக் காப்பது சிஆர்2032 என்ற அந்த வட்டப் பற்றரி மட்டும். சில வருடத்தில் அது செத்துவிடும். செத்த பிறகு ஒவ்வொரு தரம் பிளக்கைக் கழற்றும்போதும், பெரும்பாலான போட்களில் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும், எக்ஸ்எம்பியும் சேர்த்து. கணினி ஓடும், ராம் 2400க்கு இறங்கியிருக்கும், யாருக்கும் தெரியாது. தெரியக்கூடிய அடையாளம் திகதி. வருடம் பின்னுக்குப் போயிருக்கும். அதனால் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் அடம்பிடிக்கும். "இன்டர்நெட் பழுது" என்று என்னிடம் வந்த கணினிகளில் சிலவற்றுக்குத் தேவைப்பட்டது இந்தப் பற்றரிதான். மீற்றரில் 3 வோல்ட் இருக்க வேண்டும். 2.7, 2.8 என்று காட்டினால் மாற்றிவிடுங்கள். தொண்ணூறுகளில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட ஊரில், இப்போது பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பற்றரியை மாற்றப் பஞ்சிப்படுவது எனக்கு விளங்குவதில்லை.

கரண்ட் பற்றி இன்னொன்று. பின்னேரம் ஆறரை தொடக்கம் பத்தரை வரை மின்பாவனை உச்சத்தில் இருக்கும் நேரம். வோல்ட்டேஜ் தளம்பும் இடங்களில் அந்த நேரத்தில் கணினி நீலத்திரை இல்லாமல் பட்டென்று நின்று மறுபடி எழும்பினால் ராமைக் குற்றம் சொல்லாதீர்கள். மின்வழங்கியையும் வீட்டு வயரிங்கையும் பாருங்கள். பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்றால் ஏர்த் இல்லை. அதைச் சரிசெய்யாமல் பயோஸைக் கிண்டுவதில் பிரயோசனம் இல்லை. பயோஸ் அப்டேட் செய்வதென்றால் யுபிஎஸ் கட்டாயம். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் மின்வெட்டு இருந்த நாட்களில், யுபிஎஸ் இருந்தாலும் அட்டவணையைப் பார்த்துத்தான் அப்டேட்டில் கை வைத்தோம். அப்டேட் முடிந்தால் அமைப்புகள் எல்லாம் அழிந்துபோகும். போட்டுக்குள் சேமித்த புரொபைலும் சில வேளை போய்விடும். பயோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

சூடு தாங்காத அறை என்றால் புரொசசரின் மின் அளவைக் குறைப்பதும் ஒரு வழி. ரைசன் 7 5800எக்ஸ் போன்றவை 142 வாட் வரை இழுக்கும். ஈகோ மோட் என்று பயோஸில் இருப்பதைப் போட்டால் 88 வாட்டில் நிற்கும். எல்லாக் கோர்களும் ஓடும் வேலையில் கொஞ்சம் குறையும், விளையாட்டில் அநேகமாகத் தெரியாது. பான் சத்தம் குறையும். கரண்ட் பில் பார்க்கிற அப்பா அம்மாவுக்கும் ஆறுதல்.

அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5க்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் வேறு கதை. ரைசன் 7000 பொருந்தும் ஏஎம்5 வகைப் போட்டில் முதல் தடவை கணினியைப் போடும்போது திரை கறுப்பாகவே நிற்கும். பான் சுற்றும், விளக்கு எரியும், படம் வராது. ராமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. சில நிமிடம் எடுக்கும், ஸ்டிக் பெரிதென்றால் இன்னும் கூட. "செத்துப் போச்சு" என்று சுவிட்சை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போங்கள். எக்ஸ்போவைப் போடுமுன் பயோஸைப் புதிதாக்குங்கள். 2023இல் சில ரைசன் 7000 புரொசசர்கள் எரிந்த பிறகு, புரொசசரில் மெமரி கொன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட்டேஜ் 1.3ஐத் தாண்டாதபடி ஏஎம்டி பூட்டுப் போட்டது. அதற்கு முந்தைய பயோஸோடு பெட்டியில் கிடக்கும் போட்கள் இரண்டாம் கையாக இன்னும் வரும். ராம் வேகத்துக்கு 6000 போதும், இரண்டு ஸ்டிக்காக. நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000க்குக் கம்பனி உறுதி சொல்வது 3600 மட்டும். பிறகு கூட்டலாம் என்று 16 ஜிபி இரண்டு வாங்க யோசிப்பவர்கள், எடிட்டிங் வேலை இருந்தால், முதலிலேயே 32 ஜிபி இரண்டாக வாங்கிவிடுங்கள்.